நொதுமலும் நடுவுநிலையும்: வகுப்பறையில் ஆசிரியரின் அரசியல் கருத்து

முன்னுரை

ஆசிரியர் வகுப்பறையில் தம் அரசியல் கருத்தை வெளியிடலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், 'ஆசிரியர் நடுநிலை வகிக்க வேண்டும்' என்னும் விடை உடன் வந்து நிற்கிறது. அதனை மறுப்பார் அரியர். ஆயினும் அவ்விடையில் உள்ள 'நடுநிலை' என்னும் சொல் இன்றைய வழக்கில் இருவேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. எப்பக்கமும் சேராமல் வாய்வாளாதிருத்தல் ஒன்று. எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து உரைத்தல் மற்றொன்று. முன்னது விலகி நிற்றல். பின்னது நின்று மதிப்பிடுதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இப்பொருள் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் தடம் மாறிவிடுகின்றன.

பழந்தமிழ் மரபு இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திற்கு முன்னுரைக்கும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியிடத்தும் அறத்தினின்று வழுவாது ஒப்ப நிற்றலையே நடுவுநிலைமை என்கிறார். நொதுமல் என்பது நட்பும் பகையும் அல்லாத அயன்மை. அது நடுவுநிலைக்கு மறுபெயர் அன்று. நடுவுநிலையாளர் ஒப்ப நிற்க வேண்டிய மூன்று இடங்களுள் ஒன்று, அவ்வளவே. அவ்வதிகாரத்தில் வரும் துலாக்கோல் உவமையும் இதற்கு அரண் செய்கிறது. முதலில் தான் சமனாக நின்று, பின்னர்த் தன்மேல் வைத்த பாரத்தை வரையறுப்பது துலாக்கோலின் இயல்பு என்பது உரை. எடை காட்டாத கோல் நடுவுநிலையுடைய கோல் ஆகாது. பயன்படாத கோலே ஆகும்.

நன்னூல் பொதுப்பாயிரம் ஆசிரியரின் மாண்பை விளக்குகையில் நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் உவமையாக்குவது இத்துடன் இணைத்துக் காணத்தக்கது. நிறைகோலுக்குப் பவணந்தியார் கூறும் பண்புகள் இரண்டு: ஐயம் தீரப் பொருளை உணர்த்துதல், உண்மையான நடுநிலை. ஐயம் தீர்த்தலும் நடுநிலையும் ஒரே உவமைக்குள் வைக்கப்பட்டுள்ளன. ஐயத்தைத் தீர்க்காமல் விலகிக்கொள்ளும் ஆசிரியருக்கு அவ்வுவமை பொருந்தாது.

இவ்வேறுபாட்டைத் துணையாகக் கொண்டு, ஆசிரியரின் அரசியல் கருத்து பற்றி மேலைநாடுகளில், சிறப்பாக ஜெர்மனியில், ஒரு நூற்றாண்டுக் காலமாக நடைபெற்று வரும் விவாதத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஜெர்மனியை முதன்மையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆசிரியரின் கட்சிச் சார்பைத் தண்டித்த அரசும், வகுப்பறையைக் கட்சிக் கருவியாக்கிய அரசும், இவ்விரண்டிற்கும் பின் அதற்கொரு வரம்பு தேடிய அரசும் ஆகிய மூன்றையும் அந்நாடு கண்டுள்ளது.

அரோன்ஸ் சட்டமும் வெபரின் உரையும்

லியோ அரோன்ஸ் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். சமூக சனநாயகக் கட்சியின் உறுப்பினர். அவரை நீக்க வேண்டும் என்று பிரஷ்ய அரசு விரும்பியது. ஆசிரியர் குழு அதற்கு இணங்கவில்லை. ஊதியப் பதவியில் இல்லாத விரிவுரையாளர்களையும் அரசின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தும் வகையில் 1898ஆம் ஆண்டு தனியே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 'அரோன்ஸ் சட்டம்' என்றே பெயர் பெற்றது. 1900ஆம் ஆண்டு அவர் கற்பிக்கும் உரிமையை இழந்தார். அவர் வகுப்பில் அரசியல் பேசினார் என்பது குற்றச்சாட்டு அன்று. கட்சி உறுப்பினராக இருந்ததே குற்றமாயிற்று. இயற்பியல் வகுப்பில் மாணவர்க்கு எவ்வகைத் தீங்கும் நேரவில்லை என்பது ஒரு பொருட்டாகவே கொள்ளப்படவில்லை.

ஆசிரியரின் அரசியல் பற்றிய வினா உண்மையில் இரண்டு வினாக்கள் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஆசிரியர் குடிமகன் என்னும் நிலையில் வெளியே என்ன பேசலாம் என்பது ஒன்று. வகுப்பறையில் என்ன பேசலாம் என்பது பிறிதொன்று. முதல் வினாவிற்குரிய தண்டனையை இரண்டாம் வினாவின் பெயரால் வழங்குவது எக்காலத்தும் எளிதாக இருந்துள்ளது.

மாக்ஸ் வெபர் 1917 நவம்பர் 7 அன்று மியூனிக் நகரில் மாணவர் அமைப்பொன்றின் அழைப்பில் ஆற்றிய 'அறிவியல் ஒரு வாழ்பணி' என்னும் உரை இரண்டாம் வினாவை நேராக எடுத்துக்கொண்டது. அவ்வுரை 1919இல் நூலாக வெளிவந்தது. அரசியல் விரிவுரை மண்டபத்திற்குரியது அன்று என்பது அவர் துணிபு. தம் காலத்து எடுத்துக்காட்டுகளையே அவர் ஆண்டார். பெர்லினில் டீட்ரிக் ஷேஃபர் என்னும் பேராசிரியரின் மேடையைச் சூழ்ந்து போரெதிர்ப்பு மாணவர்கள் கூச்சலிட்டாலும், போரெதிர்ப்பாளரான பேராசிரியர் ஃபோர்ஸ்டருக்கு எதிராக மறுதரப்பு மாணவர்கள் அவ்வாறே செய்தாலும், இரண்டையும் தாம் ஒரே தன்மையில் கண்டிப்பதாக அவர் கூறினார். ஃபோர்ஸ்டரின் கருத்துகளிலிருந்து தாம் வெகுதொலைவில் நிற்பதையும் மறைக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், அரங்கில் இருந்தோர் அனைவரும் அறிந்த பெயர்களைக் கொண்டு இவ்வாறு பேசுவது எளிய செயல் அன்று.

வெபரின் வாதம் ஆசிரியருக்குக் கருத்து இருக்கக் கூடாது என்பதன்று. அவருடைய காரணம் வகுப்பறையின் அமைப்பிலேயே உள்ளது. பொதுக்கூட்டத்தில் பேசுவோனுக்கு எதிர்ப்பேச்சு உண்டு. கேட்போன் எழுந்து மறுக்கலாம், வெளியேறலாம். விரிவுரை மண்டபத்தில் பேசுபவர் ஆசிரியர். மாணவர் கேட்டிருக்க வேண்டியவர். பட்டத்திற்காகவும் பிழைப்பிற்காகவும் அவர் அங்கு வந்தே ஆக வேண்டும். மறுக்க இயலாதவர் முன் கட்சி பேசுவது பொறுப்பற்ற செயல் என்பதே அவர் முடிவு. அரசியல் கருத்துடையவர் அதனைச் சந்தையிலும் மேடையிலும் செய்தித்தாளிலும் சொல்லட்டும். அங்கே பதில் சொல்ல ஆள் உண்டு.

இவ்வுரையைப் பயன்படுத்துவோர் இதனோடு நின்றுவிடுவதுண்டு. ஆனால் வெபர் மேலும் இரண்டு செய்திகளைக் கூறியுள்ளார். ஆசிரியர் கருத்துரைக்காமல் 'உண்மைகளே பேசட்டும்' என்று தோற்றம் காட்டி, தமக்கு வேண்டிய முடிவிற்கு ஏற்ப உண்மைகளை அடுக்குவதுதான் எல்லாவற்றிலும் நேர்மையற்ற முறை என்பது ஒன்று. வெளிப்படையான கருத்தை மாணவர் அடையாளம் காணவேனும் இயலும். ஒளிந்த கருத்தை அவர் எங்ஙனம் காண்பார்? ஒவ்வொரு கட்சிக்கும் உவப்பற்ற உண்மைகள் உண்டு, தம் சொந்தக் கட்சிக்கு உவப்பற்ற உண்மைகளை ஏற்கும் பழக்கத்தை மாணவரிடம் ஏற்படுத்துவதே ஆசிரியரின் முதற்பணி என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் செய்தி நொதுமலைக் கோரவில்லை, கோலைத்தான் கோருகிறது.

பாய்டெல்ஸ்பாக் இணக்கம்

நாஜி ஆட்சியில் பள்ளி முழுவதும் கட்சியின் கருவியாயிற்று. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அரசியல் கல்வி என்னும் பாடம் மக்களாட்சியைக் கற்பிக்க வந்தது. ஆனால் எந்த மக்களாட்சியைக் கற்பிப்பது என்பதில் 1960களின் இறுதியில் பிளவு தோன்றியது. மாணவர் எழுச்சிக்குப் பின், சமூக முரண்களை வெளிப்படுத்தி விடுதலைக்கு வழிகாட்டுவதே கல்வி என்றனர் ஒரு சாரார். இருக்கும் அரசியலமைப்பைப் புரிந்து காக்கச் செய்வதே கல்வி என்றனர் மறுசாரார். 1972இல் ஹெஸ்ஸன் மாநிலத்தின் சமூக அரசு வெளியிட்ட சமூகவியல் பாடத்திட்ட நெறிமுறைகள் பெரும்புயலைக் கிளப்பின. பள்ளி ஒரு கட்சியின் கொள்கைப் பயிற்சிக் களமாகிறது எனப் பெற்றோரும் எதிர்க்கட்சியினரும் எதிர்த்தனர். ஆளும் கட்சி மாறினால் அரசியல் பாடநூலும் மாறும் என்னும் நிலை வந்தது.

இச்சூழலில் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநில அரசியல் கல்வி நடுவத்தின் தலைவர் சீக்ஃப்ரீட் ஷீலே, எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த கல்வியியலாளர்களை 1976ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாய்டெல்ஸ்பாக் என்னும் சிற்றூரில் கூட்டினார். அங்கு தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை, வாக்கெடுப்பு நடைபெறவில்லை, எவரும் கையொப்பமிடவில்லை. கூட்டத்தில் எல்லாரும் மறுக்காதவை எனத் தமக்குப் பட்ட மூன்று கருத்துகளை ஹான்ஸ்-கேயோர்க் வேலிங் என்பவர் பின்னர்த் தொகுத்தெழுதினார். 1977இல் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பு ஒரு வினாக்குறியோடு முடிகிறது. வினாக்குறியோடு பிறந்த இத்தொகுப்பே பின்னாளில் 'பாய்டெல்ஸ்பாக் இணக்கம்' எனப் பெயர் பெற்று, ஜெர்மானிய அரசியல் கல்வியின் எழுதாச் சட்டம் போல் ஆயிற்று.

அம்மூன்றனுள் முதலாவது, மாணவரை ஆட்கொள்ளலாகாது என்னும் தடை. எவ்வழியாலேனும் மாணவரைத் தாம் விரும்பும் கருத்திற்குள் வீழ்த்தி, அவர் தாமே தீர்ப்புக் கொள்வதைத் தடுப்பது கூடாது. அரசியல் கல்விக்கும் கொள்கைத் திணிப்பிற்கும் இடையிலான கோடு இங்குதான் விழுகிறது என்கிறார் வேலிங். ஆசிரியர் கருத்துரைப்பது இங்கு தடுக்கப்படவில்லை. மாணவரின் தீர்ப்பாற்றலை முடக்குவதே தடுக்கப்படுகிறது. கருத்தே உரைக்காமலும் அம்முடக்கத்தைச் செய்ய இயலும். புருவத்தை உயர்த்துதல், ஒரு தரப்பைக் கூறும்போது குரலை மாற்றுதல், எதிர்த்தரப்பிற்கு அதன் மிக வலுவற்ற சான்றை மட்டும் அளித்தல் ஆகியன போதுமானவை.

இரண்டாவது, அறிவுலகிலும் அரசியலிலும் முரண்பட்டு நிற்பது வகுப்பறையிலும் முரண்பட்டதாகவே தோன்ற வேண்டும் என்பது. முதலாவதன் மறுபக்கமே இது. மாறுபட்ட நிலைப்பாடுகளை மறைத்துவிட்டால், திணிப்பிற்கான பாதை அப்போதே திறந்துவிடுகிறது. இவ்விடத்தில் வேலிங் கூறும் இரு செய்திகள் போதிய கவனம் பெறவில்லை. ஆசிரியர் ஒரு திருத்தப் பணியும் செய்ய வேண்டாவா என வினவும் அவர், மாணவர்களின் குடும்ப, சமூக, அரசியல் பின்னணி காரணமாக அவர்களுக்கு அயலாக உள்ள நிலைப்பாடுகளைத் தனியே எடுத்து விளக்க வேண்டும் என்கிறார். அடுத்து, இந்நெறி பின்பற்றப்படுமாயின் ஆசிரியரின் சொந்த அரசியல் கருத்து என்ன என்பது ஓரளவு முதன்மை இழந்துவிடுகிறது என்கிறார். எதிர்க்கருத்தும் அதே வகுப்பில் முழு வலிமையோடு வந்துசேர்வதால், ஆசிரியர் எக்கட்சியினர் என்பது பெரிய சிக்கலாகாது.

'ஆசிரியர் கருத்துரைக்கலாமா' என்னும் வினாவின் வடிவத்தையே இது மாற்றிவிடுகிறது. ஆசிரியரின் வாயை நோக்கியிருந்த கண் மாணவரின் முன் வைக்கப்படும் பொருளை நோக்கித் திரும்புகிறது. திருத்தப் பணி என்னும் கருத்தை நடைமுறையில் வைத்துப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். ஒரே தொழில் சார்ந்த, ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் ஊரின் பள்ளியில், அவ்வூரார் வெறுக்கும் கட்சியின் வாதத்தை ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டியிருக்கும். அதுவும் அக்கட்சியினரே கேட்டால் ஏற்கும் வகையில் உரைக்க வேண்டும். வாளாதிருக்கும் ஆசிரியருக்கு இத்துன்பம் இல்லை. ஊரார் மகிழும்படி அவர் நற்பெயரோடு ஓய்வு பெறலாம்.

மூன்றாவது, அரசியல் சூழலையும் அதில் தம் நலனையும் மாணவர் தாமே ஆராயவும், அச்சூழலில் தலையிடும் வழிகளைத் தேடவும் ஆற்றல் பெற வேண்டும் என்பது. தன்னலத்தை வளர்க்கும் நெறி இது எனப் பின்னர்க் குறை கூறப்பட்டது. முதலிரண்டையும் போல் இது நிலைபெறவில்லை.

எது முரண்பட்ட பொருள்?

இரண்டாம் நெறி ஓர் ஐயத்தை எழுப்புகிறது. முரண்பட்டது முரண்பட்டதாகத் தோன்ற வேண்டும் எனின், எது முரண்பட்டது என வரையறுப்பவர் யார்? ஒருவர் மறுத்துவிட்டாலே அப்பொருள் முரண்பட்டதாகிவிடுமா? ஆங்கிலக் கல்வியியல் மெய்யியலாளர் ராபர்ட் டியர்டன் 1981இல் இதற்கு ஓர் அளவுகோல் கூறினார். ஒரு பொருள்பற்றி எதிரெதிர்க் கருத்துகளைக் கொள்வது பகுத்தறிவிற்கு மாறாகாதபோதே அப்பொருள் முரண்பட்டதாகும். மைக்கேல் ஹாண்ட் இதனை 2008இல் மேலும் வலியுறுத்தினார். சான்றுகள் ஒரு பக்கத்தை முடிவாகக் காட்டும்போது அதனை விவாதப் பொருளாகக் கற்பிப்பது மாணவரைத் தவறான வழியில் செலுத்துவதாகும் என்பது அவர் கருத்து. சீர்தூக்கும் கோலுக்கு இரு தட்டுகளும் சமமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கோல்தான் முதலில் சமமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சட்டமும் நீதிமன்றமும் இதே இடத்தை வேறு வழியில் வந்தடைந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றி, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 406, 407ஆம் பிரிவுகளில் இடம்பெற்ற விதிகள், எப்பாடம் கற்பிக்கும்போதும் ஒருபக்கச் சார்பான அரசியல் கருத்துகளைப் பரப்புவதைத் தடுக்கின்றன. அரசியல் பொருள்கள் மாணவர் முன் வரும்போது எதிர்க்கருத்துகளும் சமனுற வழங்கப்பட வேண்டும் என்கின்றன. புவி வெப்பமாதல் பற்றிய அல் கோரின் 'ஓர் உவப்பற்ற உண்மை' என்னும் ஆவணப்படத்தை அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, இவ்விதிகளைக் காட்டி 2007இல் டிம்மக் வழக்குத் தொடரப்பட்டது. படத்தின் அடிப்படை அறிவியல் பெரிதும் சரியானது என்றும், ஆயினும் ஒன்பது இடங்களில் அறிவியலாளரின் பொதுக்கருத்தை விட்டு அது விலகுகிறது என்றும் நீதிபதி பர்ட்டன் கண்டார். அவ்விடங்களைச் சுட்டும் ஆசிரியர் குறிப்போடு படத்தைக் காட்டலாம் எனத் தீர்ப்பளித்தார். சமன் என்பது இரு தரப்பிற்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவதன்று, நேர்மையாகவும் விருப்பு வெறுப்பின்றியும் வழங்குவதே என்பது அவர் விளக்கம். சார்புடைய ஒரு பனுவலைக் கற்பிப்பது வேறு, அச்சார்பைப் பரப்புவது வேறு என்னும் கோட்பாடு இத்தீர்ப்பில் தெளிவு பெற்றது. இலக்கியம் கற்பிப்போருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

முரண்பட்டவை என்றென்றும் அவ்வாறே இருப்பதில்லை என்பதும் நினைக்கத்தக்கது. வெபர் மியூனிக்கில் பேசிய நாளில் ஜெர்மனியில் மகளிர் வாக்குரிமை விவாதப் பொருள். ஓராண்டு கழித்து, 1918 நவம்பரில் அது சட்டமாயிற்று. இன்று அதனை இருபக்க விவாதமாக வகுப்பில் வைப்பவர் நடுவுநிலையாளராகக் கருதப்படமாட்டார்.

மாணவர் வினவும்போது

ஆசிரியர் தாமாகக் கருத்துரைக்கவில்லை, மாணவரே வினவுகிறார். அப்போது என்ன செய்வது? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2003 சனவரியில், ஈராக் போருக்கு முந்தைய வாரங்களில், ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பில் இது நிகழ்ந்தது. சிறுவர்க்கான செய்தி இதழைப் படித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஊர்வலத்தில் கலந்துகொள்வீர்களா என ஒரு மாணவர் கேட்டார். அமைதிக்காக ஒலியெழுப்புமாறு கோரும் பலகையைக் கண்டபோது தாம் வண்டியின் ஒலிப்பானை அழுத்தியதாக ஆசிரியை விடையளித்தார். பெற்றோர் முறையிட்டனர். அடுத்த ஆண்டிற்கு அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

மேயர் வழக்கு எனப்படும் இதில், பணிநீக்கத்திற்கு அவ்விடையே காரணம் என வைத்துக்கொண்டாலும் அரசியலமைப்பின் பேச்சுரிமை அவரைக் காக்காது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பள்ளி ஆசிரியரின் பேச்சைக் கட்டுப்படுத்துவதை விட, அதனை ஊதியத்திற்குக் கொள்கிறது என்றே சொல்ல வேண்டும். பேச்சே ஆசிரியரின் தொழிற்பொருள் என்பது நீதிபதி ஈஸ்டர்புரூக் காட்டிய காரணம். பள்ளி வருகை கட்டாயம் ஆதலின், மாணவர் வெளியேற இயலாத கேட்போர் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். வெபர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கூறிய காரணம் இதுவே. எனினும், வெபர் ஆசிரியரின் மனச்சான்றிடம் வைத்த கோரிக்கை இங்கு முதலாளியின் உரிமையாக மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரின் பேச்சு பள்ளியால் வாங்கப்பட்ட பண்டம் எனின், நாளை பள்ளி ஒருபக்கக் கருத்தையே பேசுமாறு பணித்தால் அதனை மறுக்கும் இடம் ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? தீர்ப்பின் தருக்கம் மாணவரைக் காக்கத் தொடங்கி நிர்வாகத்தைக் காப்பதில் முடிகிறது.

போர் பற்றிய விவாதத்தை எல்லாக் கோணங்களிலும் கற்பிக்கலாம், தம் கருத்தை மட்டும் கூறலாகாது என்று பள்ளி அவ்வாசிரியைக்கு அறிவித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. இது லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967இல் இங்கிலாந்தில் தொடங்கிய மானிடவியல் பாடத்திட்டத்தின் நெறியை ஒத்தது. விவாதத்தில் ஆசிரியர் சார்பற்ற தலைவராக மட்டும் இருப்பார், சான்றுகளை வழங்குவார், தம் முடிவைக் கூறார். மேரி வார்னக் 1975இல் இதனை எதிர்த்தார். சான்றிலிருந்து முடிவிற்குச் செல்வது எவ்வாறு என்பதை மாணவர் கண்ணால் காண வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் அவர் முன் அதனைச் செய்து காட்ட வேண்டும். என்றுமே முடிவுக்கு வராத ஆசிரியர், முடிவெடுத்தல் பயனற்றது என்பதையே கற்பிக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தாமஸ் கெல்லி 1986இல் ஆசிரியர் மேற்கொள்ளும் நிலைகளை நான்காக வகுத்தார். முரண்பட்ட பொருளையே தவிர்த்தல், ஒரு பக்கத்தையே புகட்டுதல், எல்லாப் பக்கங்களையும் விவாதித்துத் தம் கருத்தை மறைத்தல், எல்லாப் பக்கங்களையும் விவாதித்துத் தம் கருத்தையும் வெளிப்படுத்தி அதனையும் மாணவரின் திறனாய்விற்கு உட்படுத்துதல். நான்காவதையே அவர் ஏற்றார். நொதுமலும் நடுவுநிலையும் இவ்வகைப்பாட்டில் தனித்தனியே விழுவதைக் காணலாம். முதல்நிலை நொதுமல், மூன்றும் நான்கும் நடுவுநிலையின் இரு வடிவங்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே தேர்வு செய்வதில் வயது முதன்மை பெறுகிறது. பத்து வயதினர் ஆசிரியரின் விடையைக் கருத்தாகக் கேளார், பாடமாகவே கேட்பர். முதுகலை மாணவருக்கு ஆசிரியரின் நிலைப்பாடு மறைக்கப்படுவதே இழப்பு. நூல்களில் அச்சேறிய தம் கருத்தை வகுப்பில் மட்டும் இல்லாதது போல் நடிக்கும் பேராசிரியரை மாணவர் நம்புவதற்கு வழியில்லை.

வெளியே பேசுதலும் முறையிடுதலும்

அரோன்ஸ் வழக்கின் வினாவிற்கு ஐரோப்பா மிகத் தாமதமாகவே விடை கண்டது. 1972ஆம் ஆண்டு ஆணையின்கீழ் மேற்கு ஜெர்மனியில் அரசுப் பணியாளரின் அரசியல் பற்றுறுதி ஆராயப்பட்டது. மொழிப்பாட ஆசிரியை ஒருவர் கம்யூனிஸ்டுக் கட்சியில் இயங்கியதற்காக 1980களில் பணிநீக்கப்பட்டார். அவர் வகுப்பில் கருத்துத் திணித்தார் என எவரும் குறை கூறவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் ஃபோக்ட் வழக்கில் அந்நீக்கம் கருத்துரிமைக்கும் கூடும் உரிமைக்கும் மாறானது எனக் கண்டது. பதினொன்பது நீதிபதிகளில் பத்துப் பேரே அவ்வாறு கருதினர் என்பது இப்பொருளின் அருமையைக் காட்டும்.

2018இல் ஹாம்பர்க் நகரில் 'ஜெர்மனிக்கான மாற்று' என்னும் கட்சியின் சட்டமன்றக் குழு, நடுநிலை மீறும் ஆசிரியர்கள் பற்றி மாணவரும் பெற்றோரும் தெரிவிப்பதற்கு இணையவழி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. பாய்டெல்ஸ்பாக் நெறிகளே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அவ்விணக்கத்தில் 'நடுநிலை' என்னும் கட்டளையே இல்லை என்று கல்வியியலாளர் பலர் மறுத்தனர்; அரசியலமைப்பின் முதற்கூறாகிய மனித மாண்பைக் காப்பதில் ஆசிரியர் சார்பற்றவராக இருத்தல் இயலாது என்றும் வாதிட்டனர். இம்மறுப்பு சரியானதே. ஆயினும் ஒருபக்கக் கற்பித்தல் பற்றிய குறைகூறலை வெறும் கட்சிச் சூழ்ச்சி எனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. பாய்டெல்ஸ்பாக் கூட்டமே அத்தகைய குறைகூறல்களின் விளைவாகப் பிறந்தது. அன்று முறையீடு மேசைக்கு வந்தது; எதிரெதிர் முகாமினர் முகம்பார்த்துப் பேசினர். பெயர் குறிப்பிடாத முறையீட்டில் ஆசிரியர் முகம் காண்பதற்கு யாரும் இல்லை. அதன் விளைவு நடுவுநிலையன்று. ஆசிரியர் முரண்பட்ட பொருளையே தொடாமல் விட்டுவிடும் நொதுமல்.

தமிழ் வகுப்பறையில்

பாய்டெல்ஸ்பாக் நெறி அரசியல் பாடத்திற்கென உருவானது. தமிழ் இலக்கிய வகுப்பிற்கு அதனைக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாடு தோன்றுகிறது. இங்கு அரசியல் ஆசிரியரின் வாயிலிருந்து வருவதற்கு முன்னரே பாடப்பொருளில் அமர்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் காலம் இதற்கு நல்ல சான்று. வையாபுரிப்பிள்ளை அதனைக் கிறித்துவுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளுக்கு இறக்கினார், சி. இலக்குவனார் முதலியோர் கிறித்துவுக்கு மிக முற்பட்ட தொன்மையை நிறுவ முயன்றனர். இவ்வாதங்களில் மொழிச்சான்று, கல்வெட்டுச்சான்று, வடமொழி இலக்கணத்தோடு ஒப்பீடு ஆகியன உண்டு. மொழிப்பற்றும் அரசியலும் உண்டு. ஒரு காலத்தைக் கூறியதற்காக ஓர் அறிஞர் தமிழ்ப் பகைவராகவும், மற்றொரு காலத்தைக் கூறியதற்காக இன்னொருவர் உணர்ச்சிவயப்பட்டவராகவும் வகுப்பறையில் அறிமுகப்படுத்தப்படுவது அரிதான நிகழ்வன்று. அவ்வாறு அறிமுகப்படுத்தும் ஆசிரியர் எக்கட்சியையும் பெயர் சொல்வதில்லை. எனினும் வேலிங் சுட்டிய ஆட்கொள்ளல் அங்கு நிறைவேறிவிடுகிறது.

திருத்தப் பணி இங்கு எவ்வாறு அமையும்? தொன்மையை நம்பும் ஆசிரியர் பிற்காலக் கோட்பாட்டின் மிக வலுவான சான்றை, அக்கோட்பாட்டாளரே எழுதிய வடிவில் வகுப்பிற்குக் கொண்டுவர வேண்டும். மறுதரப்பினர்க்கும் இதுவே கடன். அதன்பின் தம் முடிவையும் அதற்கான காரணத்தையும் அவர் கூறுவதில் தடை ஏதும் இல்லை. முதுகலை வகுப்பாயின் கூறுவதே நன்று.

வெபர் சுட்டிய இடர் இங்கு விரிவுரையில் அன்றி வினாத்தாளில்தான் கூடுதலாக உள்ளது. 'தொல்காப்பியத்தின் தொன்மையை நிறுவுக' என ஒரு வினா அமைந்தால், விடையின் முடிவு வினாவிலேயே எழுதப்பட்டுவிட்டது. மாற்றுச் சான்றை எழுதும் மாணவர் மதிப்பெண்ணை இடருக்கு உள்ளாக்கியே அதனை எழுத வேண்டும். ஆண்டு முழுவதும் இருதரப்பையும் விளக்கிய ஆசிரியரின் உழைப்பை அவ்வொரு வினா அழித்துவிடும். 'தொல்காப்பியக் காலம் பற்றிய கோட்பாடுகளுள் ஒன்றைச் சான்றுகாட்டி ஏற்கவோ மறுக்கவோ செய்க' என்பது அதே பொருளைக் கேட்கும் வேறொரு வினா. விடைத்தாள் திருத்துவோர் முடிவிற்கன்றிச் சான்றிற்கும் தருக்கத்திற்கும் மதிப்பெண் வழங்குமாறு விடைக்குறிப்பும் மாற்றியமைக்கப்பட வேண்டும். அதனைச் செய்யும் அதிகாரம் பாடத்திட்டக் குழுவிடம் உள்ளது.